ஒரு பகலில் மூன்று அம்மன்: வடசென்னை ரயில் யாத்திரையும் அது எழுப்பும் கேள்வியும்

சென்னையில் காலையில் புறநகர் ரயிலேறி, மூன்று அம்மன் சந்நிதிகளைத் தரிசித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழக்கம் ஒன்று நெடுங்காலமாக உண்டு. பௌர்ணமி நாளில் இது நடக்கிறது. பௌர்ணமி வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வந்தால் இன்னும் விசேஷம். அப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் அமையும். காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் என்பது வரிசை. மேலூர்க் கோயிலின் சுவாமி திருமணங்கீசுவரர், ஒற்றியூரில் ஆதிபுரீசுவரரும் தியாகராசரும், முல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர். ஆனாலும் இந்த ஒரு நாளுக்கு மட்டும் யாத்திரை அம்மன்களின் பெயரால் நடக்கிறது. மூவரையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும், அதுவும் அந்தந்தப் பொழுதில் தரிசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மூன்று சிலைகளும் ஒரே பாறையிலிருந்து பிறந்தவை என்று ஒரு கதை வழங்குகிறது. அம்மன் சிலை வடிக்கச் சிற்பி ஒருவர் கொண்டுவந்த பாறை வழியில் உருண்டு மூன்றாக உடைந்துபோனது. மனம் நொந்து உயிரை விடத் துணிந்தவரை அம்மனே தடுத்து, மூன்று துண்டிலும் என்னை வடி என்றாளாம். வரலாறு என்று இதைக் கொள்ள முடியாது. யாத்திரையின் இலக்கணத்தை இது சரியாகச் சொல்கிறது: ஒன்றாக இருந்தது மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிறது, அதை ஒரு பகலுக்குள் நடந்து சேர்ப்பது பக்தரின் பொறுப்பு.

மூன்று அம்மன்களும் முறையே இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று போற்றப்படுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் இந்த மூன்றும் இறைவனுக்கு மட்டும் உரியவை அல்ல. உயிருக்கும் விருப்பு, அறிவு, செயல் என்ற மூன்று ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு. ஆணவ மலம் அவற்றை மறைத்து நிற்கிறது. மாயையிலிருந்து தோன்றும் கலை செயலையும், வித்தை அறிவையும், அராகம் விருப்பையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகின்றன என்பது அந்தத் தத்துவத்தின் நுட்பமான பகுதி. காலையில் விருப்பு, நடுப்பகலில் அறிவு, மாலையில் செயல் என்று ஒரு நாளைப் பங்கிட்ட முன்னோர்கள் இந்த நுட்பத்தை ஏட்டில் படிக்காத மக்களின் காலடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதைச் சிறிய காரியம் என்று சொல்ல முடியாது.

இந்த யாத்திரையை முழுக்க லோக்கல் ரயிலிலேயே முடிக்கலாம். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர். அங்கே இறங்கி ஆட்டோவில் மேலூர். மறுபடி மீஞ்சூருக்கு வந்து சென்னை திரும்பும் வண்டியில் திருவொற்றியூரில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேசின் பிரிட்ஜ் வந்து ஆவடிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் தாண்டித் திருமுல்லைவாயில். 2021 பிப்ரவரியிலிருந்து வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால், திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கோயிலுக்கு நடந்துபோகிறவர்களும் இப்போது உண்டு. சிவாலயங்கள் பொதுவாக மத்தியானம் நடை சாத்தி மாலையில் திறப்பவை. மேலூரில் அரை மணி தாமதமானால் ஒற்றியூரில் உச்சிப்பொழுது கை நழுவும். ஆகவே திட்டம் இல்லாமல் இந்த யாத்திரை இல்லை. முந்தின இரவே தினசரி காலண்டரைப் பார்த்துப் பௌர்ணமி எத்தனை மணி வரை என்று தெரிந்துகொள்வது, எந்த வண்டி விட்டால் அடுத்தது எப்போது என்று விசாரிப்பது, எலுமிச்சம்பழமும் தேங்காயும் மூன்று பையாகப் பிரித்து வைப்பது, புளிசாதம் கட்டுவது எல்லாம் இதில் அடங்கும்.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. கால அட்டவணையைப் பார்த்து, நிமிடக் கணக்குப் போட்டு, மின்சார ரயிலில் உட்கார்ந்து போய்வருவது யாத்திரையா, சுற்றுலாவா? கஷ்டப்படாமல் பெற்ற தரிசனத்துக்குப் பலன் குறைவா? கேள்வி புதியதல்ல. காந்தி 1909-இல் இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில், ரயில் வந்ததால் இந்தியாவின் புண்ணியத் தலங்கள் புனிதம் கெட்டன என்று வாதிட்டார். முன்பு பெரும் சிரமப்பட்டுத்தான் அங்கே போக முடியும், அதனால் உண்மையான பக்தர்களே போனார்கள், இப்போது கெட்டவர்களும் எளிதாக வந்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதே மனிதர் பின்னாளில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நாடு முழுதும் சுற்றினார் என்பது வேறு விஷயம். வாதத்தை வாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் மனதுக்குள் அதைத்தான் நினைக்கிறார்கள். நடந்து போகிறவரைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், ரயிலில் போகிறவரை அப்படிக் கும்பிடுவதில்லை.

சைவ மரபு இந்த வாதத்துக்கு என்ன சொல்கிறது? அப்பர் கயிலைக்கு நடந்தே புறப்பட்டார். பாதம் தேய்ந்தது, தவழ்ந்தார், புரண்டார். உடம்பு முழுவதும் ஓய்ந்த பிறகும் நிற்கவில்லை. காரைக்காலம்மையார் கயிலைமலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் ஏறினார் என்று பெரியபுராணம் சொல்லும். அவர் கடைசியில் வந்து அமர்ந்த திருவாலங்காடு, திருமுல்லைவாயில் வண்டி ஓடும் அதே அரக்கோணம் தடத்தில் ஒரு ஸ்டேஷன். இவர்களை மட்டும் பார்த்தால் உடல் வருத்தமே யாத்திரையின் உயிர் என்று தோன்றும்.

ஆனால் அதே பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தர் இருக்கிறார். நடந்து களைத்த அந்தப் பிள்ளைக்குத் திருநெல்வாயில் அரத்துறையில் இறைவனே முத்துச் சிவிகை கொடுத்தான். சிவிகையில் ஏறிய பிறகு சம்பந்தரின் பக்தி குறைந்தது என்று யாரும் எழுதவில்லை. திருப்பூந்துருத்தியில் அந்தச் சிவிகையைத் தாங்கியவர்களுக்கு நடுவே தோள் கொடுத்து வந்தவர் அப்பர். நடந்தே தேய்ந்த அந்த முதியவர், ஏறி வந்த சிறுவனைச் சுமந்தார். சுந்தரர் வெள்ளையானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை போனார்கள். அப்பரின் கயிலைப் பயணமும் முடிந்த விதம் கவனிக்கத்தக்கது. அவர் கயிலையை அடையவே இல்லை. வழியில் ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழச் செய்து, அங்கே கயிலைக் காட்சி கொடுத்தான் இறைவன். தேய்ந்த உடம்புக்குக் கிடைத்த கூலி என்று இதைக் கணக்கிட முடியாது. பாதையையே மாற்றிவிட்ட கருணை அது. ஆக, நடையும் ஊர்தியும் மரபில் சரிசமமாக இருக்கின்றன. சரியை என்று சித்தாந்தம் சொல்வது உடம்பால் செய்யும் தொண்டு. உடம்பு தொண்டில் ஈடுபட வேண்டும் என்றுதான் அது கேட்கிறது, வதைபட வேண்டும் என்று கேட்கவில்லை.

காந்தியின் வாதத்துக்கு இதைவிட வலுவான பதில் நந்தனாரிடம் இருக்கிறது. கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லை எட்டாத தூரமல்ல. ஆனால் நந்தனார் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாளைக் கடத்தினார். திருநாளைப்போவார் என்ற பெயரே அதனால் வந்தது. தூரம் அவரைத் தடுக்கவில்லை, பிறந்த சாதி தடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை இசை நாடகமாக்கியபோது, வயல் வேலை முடியாமல் போகக் கூடாது என்று தடுக்கும் வேதியரான பண்ணையாரை அதில் சேர்த்தார். பெரியபுராணத்தில் இல்லாத அந்தப் பாத்திரம் தமிழர் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் விடுப்புக்காக முதலாளி முன்னால் நிற்பது என்றால் என்ன என்று உழைப்பவர்களுக்குத் தெரியும். தில்லை வாசலில் நந்தனாரைத் தீயில் இறக்கித்தான் உள்ளே விட்டது புராணம். அந்த முடிவைப் பக்தியின் உச்சம் என்று மட்டும் வாசித்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

சிரமம் என்ற சல்லடை கெட்டவர்களை வடிகட்டவில்லை என்பதை நந்தனாரின் கதை காட்டுகிறது. வசதியுள்ள கெட்டவருக்குப் பல்லக்கு எப்போதும் இருந்தது. வடிகட்டப்பட்டவர்கள் விடுப்பு கிடைக்காத கூலியாட்கள், துணையில்லாமல் ஊர் தாண்ட முடியாத பெண்கள், முழங்கால் தேய்ந்த கிழவிகள், வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதையொட்டிய சட்டமும், 1947-ஆம் ஆண்டின் சென்னை ஆலய நுழைவுச் சட்டமும் வாசலைத் திறந்தன. ரயில் அதற்கு வெகு முன்பே வழியைத் திறந்துவிட்டது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியபோது, ஒரே பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை டிக்கெட் தீர்மானிக்கத் தொடங்கியது. வடசென்னையில் இதன் பொருள் இன்னும் தெளிவு. துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளிலும், மீன் ஏலக் களத்திலும் வேலை பார்க்கும் வீடுகளில் ஒரு முழு நாள் கிடைப்பதே அரிது. நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்க, அவர் மனைவியும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுகிறார்கள். அந்த வண்டியும் அந்த ரிட்டன் டிக்கெட்டும் இல்லை என்றால் அவர்களும் நாளைப்போவார்கள்தான்.

அப்படியானால் திட்டமிடுதலுக்கு மத அர்த்தம் உண்டா, அது வெறும் வசதியா? பூஜையில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. எந்தச் சடங்கும் சங்கல்பத்தோடு தொடங்குகிறது. ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, கிழமை, நட்சத்திரம், இடம் ஆகியவற்றைச் சொல்லி, இன்ன காரியத்துக்காக இதைச் செய்கிறேன் என்று உறுதி எடுப்பது சங்கல்பம். எங்கும் எப்போதும் இருக்கிற ஒன்றின் முன்னால், இந்த இடத்தில் இந்த நேரத்தில் நான் இருக்கிறேன் என்று ஒரு சாதாரண மனிதர் தன்னை நிறுத்திக்கொள்கிறார். முந்தின இரவு காலண்டரோடு உட்கார்ந்து, ஆறு மணிக்கு வண்டி, பத்துக்குள் மேலூர், பன்னிரண்டுக்கு ஒற்றியூர் என்று கணக்கிடுவது சங்கல்பத்தின் முதல் பாதி என்றே கொள்ளலாம். காலை நேரத்தை வேறெதற்கும் கொடுக்க மாட்டேன் என்பதும் ஒரு காணிக்கைதான். மூன்று பை தேங்காய் கட்டிய கைக்கு அடுத்த நாளின் பூஜை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

இரண்டு வகைக் காலம் இங்கே சந்திக்கின்றன என்பது இதில் சுவையான செய்தி. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பன்னிரண்டு பாகை விலகும் நேரம். ஏறத்தாழ 19 மணியிலிருந்து 26 மணி வரை அது நீளவும் சுருங்கவும் செய்யும். பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியலாம். அப்படிப்பட்ட மாதத்தில் எந்த நாளை யாத்திரைக்கு எடுத்துக்கொள்வது என்று கோயிலில் விசாரிப்பார்கள். ரயில் காலத்துக்கு இந்த நெகிழ்ச்சி கிடையாது. அந்த இறுகிய காலமும் சென்னையோடு தொடர்புடையதுதான். 1802-இல் சென்னை வானியல் கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் நகரின் தீர்க்கரேகையைக் கணித்து கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று வகுத்த ‘மெட்ராஸ் நேரம்’, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக விளங்கியது. 1906 ஜனவரி முதல் நாள் இன்றைய இந்தியப் பொது நேரம் வந்தது. அதன் விளைவாகச் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகக் கடிகாரத்தில் 12 அடித்து ஒன்பது நிமிடம் கழித்துத்தான். ஒற்றியூரில் உச்சிப்பொழுது என்பது ஸ்டேஷன் கடிகாரத்தின் பன்னிரண்டு அல்ல. திட்டமிடுகிறவருக்கு ஒன்பது நிமிடம் அதிகமாகக் கிடைக்கிறது.

மின்சார ரயிலின் குறை எது என்றால், உடம்பு வருந்தாததைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. நடந்து போன யாத்ரீகர் இரண்டு தலங்களுக்கு இடையில் உள்ள ஊர்களில் தங்கினார், தண்ணீர் கேட்டார், அன்னசத்திரத்தில் சாப்பிட்டார். அந்த ஊர்களின் நலம் அவருக்குத் தேவையாக இருந்தது. ரயிலில் போகிறவருக்கு இடைப்பட்ட ஊர் ஜன்னலில் ஓடும் காட்சி. மேலூரிலிருந்து ஒற்றியூர் திரும்பும் வண்டி நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு தாண்டியதும் எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் போகிறது. கொசஸ்தலையாறு கடலை நெருங்கும் இடம் அது. ஒரு பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள், நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர்கள். இன்னொரு பக்கம் சாம்பல் படிந்து மேடிட்ட நீர்ப்பரப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்களை இன்றும் வண்டியிலிருந்து பார்க்கலாம். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த நீர் இது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து வலைகளையும் படகுகளையும் வீட்டுச் சுவர்களையும் கறுப்பாக்கியது.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் மரபு ஒரு கோயிலுக்குப் பெருமை சொன்னது. தீர்த்தம் என்ற சொல் கோயில் குளத்தோடு முடிவதில்லை. ஆறும் கடலும் அதில் சேரும். மூர்த்தியை மட்டும் தரிசித்துத் தீர்த்தத்தை ஜன்னல் வழியே கடந்துபோவது யாத்திரையின் மூன்றில் ஒரு பங்கைத் தவறவிடுவதாகும். நடந்து போனால் இதெல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நடப்பவர் சாலையைத்தான் பார்ப்பார். ஆனால் பக்தி என்பது சந்நிதிக்குள் மட்டும் இயங்கும் ஒன்றல்ல என்று நம்புகிறவர், பாலத்தின் மேல் அந்த இரண்டு நிமிடமும் போனைப் பார்க்காமல் ஆற்றைப் பார்க்கலாம். ஞான சக்தியைத் தரிசிக்கப் போகும் வழியில் அறிந்துகொள்ள வேண்டியது அங்கேயும் இருக்கிறது.

திருவொற்றியூர் இந்த யாத்திரையின் நடு நிலையம் மட்டுமல்ல. திட்டம் போடுவது பற்றிய ஒரு பெரிய கதை நடந்த ஊர். ஞாயிறு என்ற ஊரில் பிறந்து ஒற்றியூரில் பூத்தொண்டு செய்துவந்த சங்கிலியாரைச் சுந்தரர் மணக்க விரும்பினார். திருவாரூரில் பரவையார் இருக்கிறார் என்று அறிந்த சங்கிலியார், ஒற்றியூரை விட்டுப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்தால்தான் ஆகும் என்றார். சத்தியம் சந்நிதியில் நடக்கும், அதற்குக் கட்டுப்படவும் முடியாது என்று நினைத்த சுந்தரர் ஒரு வழி கண்டார். நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையில் இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று தோழனிடமே கேட்டுக்கொண்டார். இறைவன் சரி என்றான். சங்கிலியாரிடமோ, அவனை மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிட்டான். சுந்தரர் மகிழின் கீழே, இறைவன் எதிரிலேயே வாக்குக் கொடுக்க நேர்ந்தது. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இது இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.

இடம் பார்த்து, நேரம் பார்த்து, துல்லியமாகப் போட்ட திட்டம்தான் சுந்தரருடையதும். மேலூர் வண்டியைப் பிடிக்கத் தண்டையார்பேட்டைப் பெண் போடும் திட்டத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அவள் தன்னைக் கட்டிக்கொள்ளத் திட்டமிடுகிறாள். இந்த நேரத்தில் அங்கே இருப்பேன் என்கிறாள். சுந்தரர் கட்டிலிருந்து நழுவத் திட்டமிட்டார். அந்த நேரத்தில் அங்கே நீர் இருக்காதீர் என்றார். மூன்று அம்மனையும் பார்த்தால் கல்யாணம் கூடும், கடன் தீரும் என்று கணக்குப் பார்த்துப் போகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். கேட்பதில் குற்றமில்லை, தேவாரத்திலேயே சுந்தரர் பொன் கேட்டிருக்கிறார், நெல்லைச் சுமக்க ஆள் கேட்டிருக்கிறார். கணக்கு எந்த இடத்தில் தோழமையாக இருக்கிறது, எந்த இடத்தில் ஏமாற்றாக மாறுகிறது என்பதை மகிழ மரம் காட்டிவிட்டது.

வசந்த விழாவின் நினைவு வந்து சுந்தரர் ஆரூருக்குப் புறப்பட்டதும், ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய இடத்தில் கண்ணொளி போயிற்று. பிறகு அவர் போன வழியைக் கவனிக்க வேண்டும். பார்வையில்லாமல் அவர் முதலில் சேர்ந்த தலம் வட திருமுல்லைவாயில். அங்கே பாடிய பதிகத்தில் சங்கிலியாரின் பெயரையும் சொல்லித் தன் கண் போனதை முறையிட்டார். பௌர்ணமி பக்தர்கள் மத்தியானத்துக்கு மேல் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறிப் போகும் பயணமும் ஒற்றியூரிலிருந்து முல்லைவாயிலுக்குத்தான். மூன்று அம்மன் யாத்திரையின் பின்பாதி சுந்தரரின் தடத்திலேயே விழுகிறது. தரிசனத்துக்காக அதே வழியில் போகிறவர்களுக்கு, அங்கே எதையும் பார்க்க முடியாமல் வந்து நின்ற ஒருவர் முன்னோடியாக இருக்கிறார். கண்ணால் காண்பதே தரிசனம் என்றால் சுந்தரரின் அந்த வருகைக்குப் பொருளில்லை. அவர் அங்கே போனார், நின்றார், பாடினார். கொடியிடையம்மன் தலத்துக்குச் செயல் என்ற பொருள் ஒட்டியது அதனால் பொருத்தம்.

அடுத்து அவர் போனது திருவெண்பாக்கம். அங்கே பார்வைக்குப் பதிலாக ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அந்தப் பழைய கோயில் இன்று இல்லை. சென்னைக்குக் குடிநீர் வேண்டிக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தில் அந்த இடம் மூழ்கியது. ஊன்றீசுவரரைப் பூண்டியில் வேறிடத்தில் எழுந்தருளச் செய்தார்கள். ஒரு நகரத்தின் தாகத்துக்காகச் சுவாமி இடம் மாறியிருக்கிறார். காலையில் எண்ணூரில் ரயில் கடக்கும் ஆறும் அதே கொசஸ்தலையாறுதான்.

எல்லாம் சரி, எங்கும் நிறைந்தவனைத் தேடி ஏன் மூன்று ஊர் அலைய வேண்டும்? சித்தர்கள் இதைக் கடுமையாகக் கேட்டார்கள். உடம்பே ஆலயம் என்பது திருமூலரின் நிலை. துறவின் எல்லையாகத் தமிழர் போற்றும் பட்டினத்தாரின் சமாதி ஒற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. எதையும் பற்றாதவர் என்று பெயரெடுத்த அவரும் அடங்குவதற்கு ஒரு தலத்தைத் தேடி வந்தார். வள்ளலாரின் வாழ்க்கையில் இரண்டு நிலைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏழுகிணற்றில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்த காலத்தில், ஏழெட்டு கிலோமீட்டர் நடந்து ஒற்றியூருக்குப் போய் வடிவுடையம்மனை வழிபட்டவர் அவர். வடிவுடை மாணிக்கமாலை அந்த நாட்களின் பாட்டு. ஒரு நாள் நேரங்கழித்து வீடு திரும்பிப் பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு, அண்ணியின் உருவில் வந்து அம்மன் சோறு போட்டாள் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அவரே வடலூரில் 1867-இல் தருமச்சாலையும் 1872-இல் சத்திய ஞான சபையும் நிறுவி, உருவ வழிபாட்டைக் கடந்து ஜோதியைக் காட்டினார். போய்ச் சேர வேண்டிய இடம் வெளியே இல்லை என்று அவர் பின்னால் சொன்னது உண்மையாக இருக்கலாம். அதைக் கண்டுகொள்ளுமுன் ஒற்றியூர்ச் சாலையில் பல ஆண்டு நடந்தார் என்பதும் உண்மை. பசித்தவருக்குச் சோறு என்பதை முதல் தருமமாக வைத்த மனிதரின் நினைவில், நேரங்கழித்துத் திரும்பிய அந்த இரவுக்கும் இடம் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

திட்டம் முறிவதும் உண்டு. கூட்ஸ் வண்டிக்கு வழிவிட அத்திப்பட்டில் லோக்கலை நிறுத்திவைப்பார்கள். மழை நாளில் சிக்னல் கோளாறாகும். பேசின் பிரிட்ஜில் படியேறி இறங்குவதற்குள் ஆவடி வண்டி போய்விடும். உச்சிப்பொழுது தவறினால் யாத்திரை பாழா என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கல்பம் எடுத்தவர் தன் பங்கைச் செய்திருந்தால் குறை அவருடையதல்ல என்பதுதான் சடங்கு நூல்களின் பொதுவான போக்கும். பூஜையின் முடிவில், தெரிந்தும் தெரியாமலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருளச் சொல்லும் வழக்கம் இதற்காகவே வந்தது. ஒற்றியூரில் விளக்கெரிக்கும் பணி செய்த கலிய நாயனார், எண்ணெய் வாங்கக் காசில்லாதபோது தன் கழுத்தை அறுத்து இரத்தத்தையே வார்க்கத் துணிந்தார். இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான். தவறிய ஒரு வண்டிக்காகத் தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் பக்தருக்கு அந்தக் கோயிலிலேயே பதில் இருக்கிறது.

திருமுல்லைவாயிலில் நந்தி சுவாமியைப் பார்த்து இல்லை, வாசலைப் பார்த்து இருக்கும். முல்லைக்கொடியில் யானையின் கால் சிக்க, வாளால் கொடியை வெட்டிய தொண்டைமான் இரத்தம் கசியக் கண்டு லிங்கத்தை அறிந்தான் என்பதும், ஓணன், வாணன் என்னும் குறும்பர்களை வெல்ல அவனுக்குத் துணையாக நந்தியை இறைவன் அனுப்பினான் என்பதும் தலபுராணம். வாளின் வெட்டுக் காயம் ஆற வேண்டும் என்று லிங்கத்துக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு. சித்திரை மாதச் சதய நாளை ஒட்டித்தான் அது களையப்படும். ஒற்றியூரிலும் இப்படித்தான்: புற்று வடிவான ஆதிபுரீசுவரருக்கு எப்போதும் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீக்கித் தைலக் காப்பு சாத்துவார்கள். எனவே மற்ற பௌர்ணமிகளில் காலையிலிருந்து சரியாக வண்டி பிடித்து, மூன்று பொழுதுக்கும் மூன்று சந்நிதியில் நின்றவரும் இரண்டு தலங்களில் மூலவரைக் காப்போடுதான் தரிசித்திருப்பார். கார்த்திகையும் சித்திரையும் ஐந்து மாத இடைவெளியில் வருகின்றன. இரண்டையும் காண விரும்புகிறவருக்கு அதே தடங்களில், வேறு இரண்டு நாட்களில், வேறு இரண்டு டிக்கெட் வேண்டும்.